ஐப்பசியில் விதைத்த சோளம்

(பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு கேட்டபோது, ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். தாவரவியல் மாணவி சண்டையைப் பற்றி எழுதுவதா என்று தோழியர் சிரித்தனர். சோளம் பூத்ததால் வந்த சண்டை அது. சண்டை போட்டவள் என் அம்மா. மூட்டிவிட்டவள் நான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சேலம் மாவட்டத்தின் மேட்டாங்காட்டு ஊர் எங்களுடையது. அரை ஏக்கர் நிலம், பங்குக் கிணறு, இரண்டு கறவை மாடுகள். பால் சொசைட்டியிலிருந்து வரும் பணத்தில்தான் என் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் அடங்கும். ஆகவே மாட்டின் வயிறு நிறைவதற்கும் என் படிப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இதை நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

நான் முதலாண்டு படித்தபோது ஆடியில் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில்தான் மண் நனைந்தது. அம்மா வழக்கமாக வாங்கும் கடையிலேயே நாட்டுச் சோளம் வாங்கி வந்து தீவனத்துக்காக விதைத்தாள். முந்தைய ஆண்டுகளில் அதே சோளம் ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்து, இரு மாடுகளுக்கும் கோடை வரைக்கும் தட்டை கொடுத்திருக்கிறது. இம்முறை மார்கழி முடியும் முன்னரே, இடுப்பளவு உயரத்தில், பயிர் முழுவதும் ஒரே சீராகக் கதிர் தள்ளிவிட்டது. இலைகளை எண்ணினால் பன்னிரண்டோ பதின்மூன்றோ. அறுத்துப் போட்டால் எத்தனை நாளைக்குக் காணும்?

அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் கண்ணு இப்படி ஆச்சு? நீதான் செடிகொடிப் படிப்புப் படிக்கிறியே, சொல்லு" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "விதையில கலப்படம்மா. குட்டை ரகத்தைக் கலந்து வித்திருக்காங்க" என்றேன்.

மறுநாளே அம்மா கடைக்குப் போய்விட்டாள். சந்தை நாள், கூட்டம். "என் மக காலேஜுல இதைத்தான் படிக்கிறா, அவளே சொல்லிட்டா" என்று சத்தம் போட்டிருக்கிறாள். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். "ஏம்மா, ஐப்பசியில போட்டா ஏறாதுன்னு அப்பவே சொன்னேனே" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அன்று இரண்டு மூன்று பேர் விதை வாங்காமலே திரும்பினார்களாம். வீட்டுக்கு வந்த அம்மா, மீதியிருந்த விதையைத் தகர டப்பாவில் போட்டு மூடிப் பரண் மேல் வைத்தாள். என்றைக்காவது அதை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்பது அவளுடைய திட்டம். வைக்கோல் விலைக்கு வாங்கினோம். மாசியில் ஒரு மாட்டை விற்றோம்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் மரபியல் பாடத்தில் ஜீன்களின் கூட்டுச் செயல் நடந்தது. இனிப்புப் பட்டாணியில் வெள்ளைப் பூ வகைகள் இரண்டைக் கலந்தால் முதல் தலைமுறை ஊதாவாகப் பூக்கிறது. அடுத்த தலைமுறையில் ஊதாவும் வெள்ளையும் 9:7 என்ற விகிதத்தில் பிரிகின்றன. பேட்சனும் பன்னெட்டும் கண்டது. செய்முறை வகுப்பில் கறுப்பு மணி, வெள்ளை மணி வைத்து இதை எண்ணிப் பார்த்திருப்பீர்கள். இனிப்புப் பட்டாணியை நான் கண்ணால் கண்டதில்லை. என் முகத்தைப் பார்த்தே பேராசிரியர் இதை உணர்ந்திருக்க வேண்டும். "உங்களுக்குத் தெரிந்த பயிரில் சொல்கிறேன்" என்று சோளத்துக்கு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சோளமும் ஒரு புல்தான். நெல், கம்பு, கரும்பு, மூங்கில் எல்லாம் புல் குடும்பமே. புல்லின் வளர்நுனி இளமையில் இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அந்த நுனிக்குக் கட்டளை வரும். அன்று முதல் அது இலை செய்வதை நிறுத்திக் கதிர் செய்யத் தொடங்கும். அந்தத் தண்டில் அதற்குப் பிறகு புதிய இலை உருவாகாது. கட்டளை முந்தி வந்தால் இலை குறைவு, உயரம் குறைவு. தானியத்துக்குப் பயிர் செய்பவருக்கு அதில் பெரிய நட்டமில்லை. சீக்கிரம் அறுவடை ஆயிற்று என்று மகிழலாம். மாடு வைத்திருப்பவருக்கோ தலையில் கை வைக்க வேண்டிய காரியம்.

அதற்காகத் தீவனப் புல் பூக்கவே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. இளஞ்சோளத்தில் துரின் என்ற பொருள் இருக்கிறது. மாடு மென்றால் அதிலிருந்து சயனைடு விடுபடும். மழையின்றி வாடிய இளம்பயிரையும், வெட்டியபின் துளிர்த்த குருத்தையும் மேய்ந்த மாடு வயிறு உப்பி விழுவதை எங்கள் ஊரார் கண்டிருக்கிறார்கள். பூவெடுக்கும் தறுவாயில் அந்த நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கதிர் முற்ற முற்றத் தண்டு கட்டையாகிப் புரதமும் குறைகிறது. எனவே தீவனச் சோளம் பூக்க வேண்டும். ஆனால் நன்றாக வளர்ந்த பிறகு பூக்க வேண்டும். ஜீன்களிடம் மனிதன் கேட்பது இந்த ஒரு காலக் கணக்கைத்தான்.

கட்டளை எங்கிருந்து வருகிறது? பகற்பொழுதின் நீளத்திலிருந்து. அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-இல் இதை வெளியிட்டனர். மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை கோடையில் பூக்காமல் மரம்போல் வளர்ந்துகொண்டே போயிற்று. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டிலோ சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. உரமா, வெப்பமா, ஈரமா என்றெல்லாம் பார்த்துவிட்டு, 1918 கோடையில் சில தொட்டிச் செடிகளை மாலை வெயில் இருக்கும்போதே நாய்க்கூண்டு போன்ற ஓர் இருட்டறையில் வைத்து மறுநாள் காலையில் வெளியே எடுத்தனர். பகலைச் சுருக்கியதும் செடி பூத்தது! ஒளிக்காலத்துவம் என்று நாம் மனப்பாடம் செய்யும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த நாய்க்கூண்டுதான். சோளமும் குறும்பகல் தாவரம். பகல் சுருங்கினால் பூக்கும்.

நம் நாட்டில் பகல் எங்கே அப்படிச் சுருங்குகிறது என்று எனக்கு ஐயம். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பஞ்சாங்கம் வாங்கிப் பார்த்தேன். 'அகஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது பகற்பொழுதின் அளவு! ஆனி மாதத்தில் முப்பத்தொரு நாழிகையைத் தாண்டுகிறது. மார்கழியில் முப்பதுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். எங்கள் ஊர் இருக்கும் அட்சரேகையில் நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். குறுகிய பகல் சுமார் பதினொன்றரை மணி. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரந்தான். இதை நாம் உணர்வதில்லை. சோளம் உணர்கிறது. ஆடியில் முளைத்தால் நீண்ட பகலில் இலை விட்டு வளர்ந்து, பொழுது சுருங்கியபின் பூக்கிறது. ஐப்பசியில் முளைத்தாலோ, கண் விழிக்கும்போதே பொழுது சுருங்கிக் கிடக்கிறது; காத்திருக்க அதற்குக் காரணம் இல்லை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று ஊரே சொல்கிறது. அதை மழைக்காகச் சொன்னது என்றே எண்ணியிருந்தேன்.

எல்லாச் சோளமும் இப்படியா என்றால், இல்லை. அங்கேதான் மரபியல் வருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மைலோ என்ற சோளம் முதலில் உயரமாகவும் காலங்கடந்து பூப்பதாகவும் இருந்தது. அங்கிருந்த உழவர்கள் தங்கள் வயலில் முந்திப் பூத்த செடிகளைப் பொறுக்கி விதை எடுத்தனர். பின்னர் டெக்சாஸ் மாநிலத்தில் குவின்பி என்ற அறிஞர் அவற்றை ஒன்றோடொன்று கலந்து எண்ணிப் பார்த்து, கார்ப்பர் என்பவருடன் 1945-இல் மூன்று ஜீன்களை அறிவித்தார். முதிர்ச்சி என்பதன் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைக் கொண்டு மா-1, மா-2, மா-3 என்று பெயர். 1966-இல் மா-4 சேர்ந்தது. பொதுவாக ஓங்கு நிலையில் இவை நீண்ட பகலில் பூப்பதைத் தள்ளிப்போடும். ஒடுங்கினால் செடி அவசரப்படும். இவற்றுள் வலிமை மிகுந்தது மா-1.

இதனால் அமெரிக்கருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் திரட்டிய நாட்டுச் சோளங்களில் நோய் எதிர்ப்பும் வேறு பல நற்பண்புகளும் இருந்தன. ஆனால் டெக்சாஸின் 14 மணி நேரக் கோடைப் பகலில் அவற்றில் பெரும்பாலானவை பூக்கவே மறுத்தன. பூக்காத செடியை எதனுடன் கலப்பது? 1963-இல் ஒரு திட்டம் தொடங்கினர். பகல் குறுகிய போர்ட்டோரிக்கோ தீவில் குளிர்காலத்தில் கலப்புச் செய்வது. அதன் பேரப்பிள்ளைகளை டெக்சாஸ் கோடையில் விதைத்து, முந்திப் பூக்கும் குட்டைச் செடிகளைத் தேர்வது. மீண்டும் தீவுக்குக் கொண்டு போய்ப் பழைய நாட்டுச் சோளத்தோடு கலப்பது. இப்படிப் பல சுற்று. வேலை தேடிப் போகிறவர்போல விதை இரண்டு ஊருக்கும் அலைந்திருக்கிறது!

பேராசிரியர் 9:7 சொன்னது மா-5, மா-6 என்ற பின்னாளைய ஜீன்களுக்காக. ரூனி, அய்டின் ஆகிய இருவர் 1999-இல் இவற்றை விளக்கினர். ஒரு பெற்றோரிடம் ஓங்கிய மா-5 உண்டு, மா-6 ஒடுங்கியது. மற்றொன்றில் நேர்மாறு. இரண்டும் முந்திப் பூப்பவை. இரண்டையும் கலந்தால் பிறக்கும் பிள்ளையிடம் ஓங்கிய இரண்டும் ஒன்றுசேர்கின்றன. பகல் 12 மணி 20 நிமிடத்துக்குக் கீழே இறங்கும் வரை அது பூக்கத் தொடங்குவதில்லை. அவசரக்காரப் பெற்றோருக்கு நிதானமான பிள்ளை! தீவன விதை தயாரிப்போருக்கு இது பெரிய வரம். ஏனென்றால் காலங்கடந்து பூக்கும் பயிரில் விதை எடுப்பதுதான் கடினம். இங்கே பெற்றோரில் எளிதாக விதை எடுக்கலாம், உழவர் வயலில் மாதக்கணக்கில் இலையாகவே வளரும். அடுத்த தலைமுறையில், இந்த இரண்டு ஜீன்களை மட்டும் வைத்துப் பார்த்தால், பிந்துவன ஒன்பது, முந்துவன ஏழு. அன்று என் மணிகள் எனக்குச் சோளமாகத் தெரிந்தன.

ஜீன் எப்படிப் பகலை அளக்கிறது என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. மா-3 என்பது ஒளியை உணரும் பைட்டோகுரோம்-பி என்ற புரதத்துக்குரிய ஜீன் என்று 1997-இல் கண்டனர். மா-1 என்னவென்று 2011-இல் வெளிவந்தது. பூப்பதைத் தடுக்கும் ஒரு புரதத்துக்குரிய ஜீன் அது. செடிக்குள் ஓடும் நாட்கடிகாரத்தின்படி அது காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வேலைக்கு வரும். மாலைமுறைக்கு வெளிச்சம் தேவை. நீண்ட பகலில் அந்த நேரத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் தடை நீடிக்கிறது. குறுகிய பகலில் அதற்குள் இருட்டிவிடுகிறது, மாலைமுறைக் காவலாளி வருவதில்லை, தடை தளர்கிறது. உடனே இலையில் பூக்குவிக்கும் புரதம் உண்டாகி, சல்லடைக் குழாய் வழியே வளர்நுனிக்குப் போய்ச் சேர்கிறது. ஃபுளோரிஜன் என்று 1930-களில் ரஷ்ய அறிஞர் சைலாக்கியான் பெயர் மட்டும் வைத்துவிட்டுப் போன பொருள் இப்படிப்பட்ட புரதமே என்பது 2007-இல் நெல்லிலும் அராபிடாப்சிஸிலும் உறுதியாயிற்று. பார்ப்பது இலை; பூப்பது நுனி.

குளிர்நாட்டுப் புல்லின் கதை வேறு. பிரிட்டனின் மேய்ச்சல் நிலங்களில் உள்ள ரைப்புல் முதலில் ஒரு குளிர்காலத்தை அனுபவிக்க வேண்டும்; பின்பு பகல் நீள வேண்டும்; அப்போதுதான் கதிர் தள்ளும். வேல்ஸில் அபெரிஸ்ட்வித் என்ற ஊரின் புல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ரைப்புல் இனத்திலிருந்து முந்திக் கதிர்விடும் எஸ்-24, பிந்திக் கதிர்விட்டு இலை மிகுந்த எஸ்-23 என்ற ரகங்களைப் பிரித்தெடுத்தனர். நம் பக்கத்துக் கம்பு நேப்பியரோ எல்லாக் கணக்கையும் தாண்டியது. கம்புக்கு 14 குரோமோசோம், நேப்பியர் புல்லுக்கு 28, கலப்புக்கு 21. சரிசமமாகப் பிரிய வழியில்லை. பூத்தாலும் விதை வைக்காது. கரணை வெட்டித்தான் நடுகிறோம். தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கு அது. எங்கள் பங்குக் கிணற்றுக்கு அல்ல.

அன்று வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் கடைச் சண்டையைச் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "ஐப்பசிக்குப் பிறகு குளிரும்தானே? சோளம் குளிருக்குக் குட்டையாயிற்றா, இருட்டுக்குப் பூத்ததா என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இம்முறை தெரியாது என்றே சொன்னேன்.

பரணிலிருந்த தகர டப்பா இறங்கியது. ஆடிப்பெருக்கன்று கிணற்று மேட்டில் ஒரு வரிசை விதைத்தோம். மூன்று வாரம் ஆனபின் நான்கு நாற்றுகளைத் தேர்ந்து, அவற்றின் மேல் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்மைத் தினமும் மாலை ஐந்து மணிக்குக் கவிழ்த்து, காலை ஏழு மணிக்கு எடுப்பது என்று முடிவு செய்தேன். பகல் பத்து மணி நேரமாகிவிடும். ஆனால் நான் பேருந்தில் வீடு சேர ஆறரை ஆகும். எனவே கவிழ்க்கும் வேலை அம்மாவுடையது. "சோளத்துக்கு இப்பவே ராத்திரின்னு பொய் சொல்லணும், அவ்வளவுதானே" என்றாள். மாடு கறக்கும் நேரமும் அதுதான். ஆனாலும் ஒருநாள் தவறவில்லை. அவ்வழியே போனவர்கள் டிரம்முக்குள் கோழிக்குஞ்சா என்று கேட்டார்களாம். நான்கில் ஒன்றை ஆடு கடித்துவிட்டது. ஏறத்தாழ நான்கு வாரத்தில் பயிர் டிரம்முக்கு மேல் வளர்ந்துவிட, அதோடு விட்டுவிட்டோம்.

புரட்டாசி முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கிணற்று மேட்டிலிருந்து கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டுப் பாம்பு என்று எண்ணி ஓடினேன். டிரம் போட்ட மூன்றும் கதிர் தள்ளியிருந்தன. பக்கத்தில் அதே நாள், அதே விதை, அதே மண், அதே வெயில். பச்சைப் பசேலென்று இலைதான். அவை கதிர் தள்ள ஐப்பசி கடைசி ஆயிற்று. டிரம் போட்டவற்றில் பதின்மூன்று பதினான்கு இலை; மற்றவற்றில் இருபதுக்கு மேல். அண்ணாந்து பார்க்கும் உயரம்.

பேராசிரியர் இதிலும் குறை கண்டார். டிரம்முக்குள் புழுக்கம் அதிகம் அல்லவா? இன்னும் நான்கு நாற்றுகளின் மேல் இதே போன்ற டிரம்மை இருட்டியபின் கவிழ்த்து, விடியுமுன் எடுத்திருக்க வேண்டும். அவை முந்திப் பூக்காவிட்டால்தான் டிரம் அல்ல, இருட்டே காரணம் என்று ஆகும் என்றார். சரிதான். அம்மாவிடம் சொன்னேன். "ராத்திரி ஆனப்புறம் ராத்திரி பண்றதுக்கு ஒரு டிரம்மா?" என்றாள். எங்களிடம் இருப்பது ஒரு டிரம்.

கார்த்திகையில் ஒரு சந்தை நாளில் நானும் அம்மாவும் அந்தக் கடைக்குப் போனோம். கூட்டமான நேரமாகப் பார்த்துத்தான் போக வேண்டும் என்றாள் அம்மா; சண்டை போட்டதும் கூட்டத்தில்தானே. டிரம் சோளத்தில் ஒரு கதிரும், மற்றதில் ஒரு கதிரும் கொண்டு போயிருந்தோம். "அண்ணே, உங்க விதை மேல தப்பில்ல. போட்ட மாசந்தான் தப்பு. இவ தெரியாம சொல்லிட்டா, நானும் வாயை விட்டுட்டேன்" என்றாள். கடைக்காரர் இரண்டு கதிரையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐப்பசியில ஏறாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. நானும் சொல்லிட்டுதான் இருக்கேன். ஏன்னு யாரும் சொன்னதில்ல பாப்பா" என்றார். நான் காவலாளிக் கதையைச் சொன்னேன். பாதியில் வாடிக்கையாளர் வந்துவிட்டார். டிரம் எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். விற்ற மாடு விற்றதுதான்.

இப்போது அம்மாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது தேர்வைவிடக் கடினமாக இருக்கிறது. சென்ற வாரம், அறுத்த சோளத்தின் அடிக்கட்டையில் துளிர் விட்டிருப்பதைக் காட்டி, "பொழுதைப் பாக்குறது இலைதான்னு சொன்னியே. இதுல இலையே இல்லாம வெட்டியாச்சு. இந்தத் துளிரு மொதல்லேர்ந்து பாக்குமா, இல்ல பழைய இலை பாத்ததை ஞாபகம் வச்சிருக்குமா?" என்று கேட்டாள். பேராசிரியரிடம் கொண்டு போனேன். இந்தக் கேள்வியை யார் கேட்டது என்றார். அம்மா என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னையும் உட்காரச் சொன்னார். வரும் ஆடியில் விதைக்க, தகர டப்பாவில் இன்னும் ஒரு படி விதை இருக்கிறது. ஒன்றை வெட்டிவிட்டும் ஒன்றை வெட்டாமலும் கவிழ்க்க வேண்டும் என்கிறார். அதற்கு இரண்டாவது டிரம் வேண்டும். கடைக்காரர் தம்மிடம் பழையது ஒன்று இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.